உங்களுக்குத் தெரியுமா? கார் பந்தயத்துக்கு இடம் பார்க்கிறார்கள்!

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி, நாகமலைப் பக்கம் பொட்டல் வெளியைப் பார்க்கும் இளவட்டங்களுக்கு, “இங்கே ஒரு ரேஸ் டிராக் போட்டால் என்ன?” என்று தோன்றும். அதுவும் சம்பளத்துக்கு ஓட்டாமல், கைக்காசைப் போட்டு ஆசைக்கு ஓட்டும் அமெச்சூர்களின் தேசியப் போட்டி இங்கே நடந்தால் எப்படியிருக்கும்? ஆனால் நிலம் காலியாக இருந்தால் மட்டும் போதுமா? உலகம் முழுக்க இடம் பார்த்தவர்கள் பட்ட பாட்டிலிருந்து சில துணுக்குகள்.

மாட்டுக்கு ஏற்ற தூரம்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்குத் தனிக் களம் கிடையாது. ஊர்ச்சாலைதான் களம். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எல்லை குறிப்பார்கள். பெரிய மாட்டுக்குத் தூரம் அதிகம், சின்ன மாட்டுக்குக் குறைவு. கார் பந்தயத்திலும் இன்ஜினின் அளவையும் காரின் வகையையும் வைத்துப் பிரிவுகள் உண்டு. எந்தெந்தப் பிரிவு ஓடப்போகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெரிய டிராக் வேண்டும் என்று சொல்ல முடியும்.

ரிங் ரோடு டிராக் ஆகாது

மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வண்டிப் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை பிடிபட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராத்திரி ஆளில்லாத நான்குவழிச் சாலையும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான்.

போர் விட்டுப்போன களம்

தமிழ்நாட்டுக் கார் பந்தயத்தின் தாய்வீடு சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கியது. 1980களின் கடைசிவரை அங்கே கூட்டம் திரண்டது. விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் சோழவரத்தில்தான்.

இங்கிலாந்திலும் அதே கதை

ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயம் 1950 மே 13 அன்று சில்வர்ஸ்டோனில் நடந்தது. அதுவும் போர்க்கால விமானத் தளம்தான். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் கர்ட்டிஸ் லெமே, தன் பொறுப்பில் இருந்த குண்டுவீச்சு விமானத் தளங்களையே அமெச்சூர் கார் பந்தயங்களுக்குத் திறந்துவிட்டார். மும்பையில் ஜூஹு, கொல்கத்தா அருகே பாரக்பூர், இலங்கையில் களுத்துறை பக்கம் கட்டுகுருந்த என்று பந்தயம் நடந்த இடங்கள் எல்லாமே ஓடுதளங்கள்தாம்.

மதுரைக்கு ஏன் ஒரு சோழவரம் இல்லை?

மதுரை விமான நிலையமும் 1942இல் போர்க்கால விமானத் தளமாகத் தொடங்கியதுதான். ஆனால் போருக்குப் பிறகு அது பயணிகள் விமானத்துக்குப் போய்விட்டது. சோழவரம் போல வேலையற்றுக் கிடந்திருந்தால் பந்தயக்காரர்களின் கண்ணில் பட்டிருக்கலாம். நகரத்துக்கு விமானம் கிடைத்தது, பந்தயத்துக்கு ஓடுதளம் கிடைக்கவில்லை.

ஓடுதளத்தின் குறை

ஓடுதளம் அகலம், சமதளம், சுற்றிலும் வீடு கிடையாது. பிறகென்ன குறை? வளைவு கிடையாது! தகர டிரம்மும் வைக்கோல் கட்டும் டயரும் வைத்துத்தான் வளைவை உண்டாக்க வேண்டும். ஏற்றம் இறக்கம் இல்லாததால் ஓட்டுகிறவரின் திறமையைவிட இன்ஜினின் பலம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். எல்லார் கையிலும் ஒரே அளவு பணம் இல்லாத அமெச்சூர் போட்டிக்கு இது பெரிய அநியாயம்.

கார் ஆலைக்கு முன்னே டிராக்

ஓடுதளத்தை நம்பியிருந்தது போதும் என்று மெட்ராஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் கட்டியது. 1990இல் திறந்த அந்தக் களத்தின் ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. இன்று இருங்காட்டுக்கோட்டை என்றாலே ஹூண்டாய் ஆலைதான் ஞாபகம் வரும். அந்த ஆலையிலிருந்து கார் வெளிவரத் தொடங்கியது 1998இல். ஊருக்குள் முதலில் வந்தது பந்தயம், பிறகுதான் தொழிற்சாலை.

கோவையின் கரி

கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயின் சுற்று சுமார் 2.1 கி.மீ.தான். எஸ். கரிவரதன் நினைவாக வைத்த பெயர் அது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பந்தயத்தை எட்ட வைத்தவர். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். சின்ன டிராக்கில் ஒரு வசதி உண்டு. வேகம் அடங்கியிருக்கும், செலவும் அடங்கியிருக்கும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் சரி.

டிராக்குக்கும் தரச் சான்று

உலக மோட்டார் பந்தயங்களைக் கட்டியாளும் அமைப்பு எஃப்.ஐ.ஏ. களங்களை அது 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறது. ஃபார்முலா ஒன் நடத்த 1ஆம் தரம் வேண்டும். மண் திடல் பந்தயங்களுக்கு 6ஆம் தரம் போதும். அமெச்சூர் போட்டிக்கு 1ஆம் தர டிராக் தேடி அலைய வேண்டாம். தன் காருக்குத் தேவையான தரத்துக்கு மேலே போகிற ஒவ்வொரு படிக்கும் வாடகை ஏறும்.

அளவு சொல்லும் விதி நூல்

புதிதாகக் கட்டும் நிரந்தர டிராக் குறைந்தது 12 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், கார்கள் அணிவகுத்துப் புறப்படும் இடம் 15 மீட்டர், நேர்ச்சாலை 2 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று எஃப்.ஐ.ஏ. வழிகாட்டுகிறது. நேர்ச்சாலை நீண்டால் வேகம் கூடும். வேகம் கூடினால் வளைவுக்கு அப்பால் விட வேண்டிய காலி இடமும் கூடும். ஆகவே நிலம் வாங்கும்போது டிராக்கை மட்டும் அளந்தால் போதாது. தடம் மாறிய கார் போய் நிற்கும் இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

ஒரு விபத்து, அறுபது வருடத் தடை

1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் கார் சிதறிப் பார்வையாளர் பகுதியில் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சர்க்யூட் பந்தயத்தையே தடை செய்துவிட்டது. மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ போட்டி 2018இல் சூரிச்சில் நடந்தபோதுதான் அங்கே மறுபடியும் சர்க்யூட் பந்தயத்தைப் பார்க்க முடிந்தது.

தியத்தலாவை சொல்லும் பாடம்

இலங்கையின் தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21 அன்று ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடம் மாறிக் கூட்டத்துக்குள் புகுந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள், ஒரு சிறுமி உட்பட. ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட்டும் இரும்புக் கூண்டும் உண்டு. வேடிக்கை பார்க்கிறவருக்கு இருப்பது தூரம் ஒன்றுதான். இடம் பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “ஜனம் எங்கே நிற்கும்?”

நாய்க்கு டிக்கெட் வேண்டாம்

டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேச சர்க்யூட் 2011இல் தன் முதல் ஃபார்முலா ஒன் போட்டிக்குத் தயாரானது. முதல் பயிற்சி ஓட்டத்திலேயே ஒரு தெருநாய் டிராக்குக்குள் நுழைந்துவிட, சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஐந்து கி.மீ.க்கு மேல் நீளும் டிராக்கின் வேலியில் ஒரு சின்ன ஓட்டை போதும்.

ஹெலிகாப்டர் பறக்காவிட்டால் பந்தயம் இல்லை

2020 அக்டோபரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஃபார்முலா ஒன் வீரர்கள் வெள்ளிக்கிழமை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மழையும் பனிமூட்டமும் சேர்ந்து மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஹெலிகாப்டர் வைக்க முடியாத சின்னப் போட்டிகளுக்கு ஆம்புலன்ஸும், அது சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய பெரிய ஆஸ்பத்திரியும் கட்டாயம். நகரத்தை விட்டு ரொம்பத் தள்ளிப் போனால் இரைச்சல் தொல்லை தீரும், ஆஸ்பத்திரி தூரமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் இடம் பிடிக்க வேண்டும்.

கொடி பிடிக்கும் கைகள்

வளைவுக்கு வளைவு கொடியோடு நிற்பவர்கள் மார்ஷல்கள். ஒரு மார்ஷல் நிற்கும் இடத்திலிருந்து முந்தையவரும் அடுத்தவரும் கண்ணில் பட வேண்டும் என்பது பொது நடைமுறை. பார்வையை மறைக்கும் மேடோ மரமோ இருந்தால் ஆள் கூட வேண்டும். அமெச்சூர் போட்டிகளில் இவர்களில் பலர் தன்னார்வலர்கள். பக்கத்திலேயே கல்லூரிகளும் மோட்டார் கிளப்பும் உள்ள ஊருக்கு இதனாலேயே மதிப்பு அதிகம்.

கிழக்கு ஒரு வருடம், மேற்கு ஒரு வருடம்

அமெரிக்காவில் அமெச்சூர்களின் தேசியப் போட்டிக்கு ‘ரன்ஆஃப்ஸ்’ என்று பெயர். நடத்துவது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. 1964இல் தொடங்கியபோது மேற்கே கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு ஒரு வருடம், கிழக்கே ஃபுளோரிடாவின் டேட்டோனா மறு வருடம் என்று முறை வைத்து நடத்தினார்கள். தேசம் அகலமானது. யாராவது ஒரு பக்கத்துக்காரர் வருடா வருடம் கண்டம் கடந்து காரை இழுத்துக்கொண்டு வர வேண்டுமென்றால் எப்படி?

ஒரே இடத்தில் 24 வருடம்

1970இல் அந்த முறையை விட்டுவிட்டு ரோடு அட்லாண்டா என்ற களத்தில் நிலைகொண்டார்கள். 1993 வரை 24 வருடம் அங்கேதான். அப்புறம் மிட்-ஒஹையோவில் 12 வருடம். ஒரே இடம் என்றால் ஏற்பாடு சுலபம், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை பழகிவிடும். ஆனால் அந்தப் பக்கத்து ஓட்டுநருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். தூரத்திலிருந்து வருகிறவர் இரண்டு நாள் பயிற்சியில் அவரை எப்படி முந்துவது?

மறுபடியும் ஊர் சுற்றல்

2014இல் ரன்ஆஃப்ஸ் மேற்குக் கரைக்குத் திரும்பி லகுனா செகாவில் நடந்தது. அதன் பிறகு டேட்டோனா, இண்டியானாபொலிஸ், சொனோமா என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. 2017இல் புகழ்பெற்ற இண்டியானாபொலிஸுக்குப் போனபோது பதிவு செய்தவர்கள் 900க்கும் மேல். வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்த மண்ணில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அமெச்சூர்களை இழுத்தது. களத்தின் பெயரும் ஒரு பரிசுதான்.

இந்தியாவில் எங்கே?

இந்தியப் பந்தயங்களுக்குப் பொறுப்பு 1971இல் உருவான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற கூட்டமைப்பு. தேசியக் கார் பந்தயச் சுற்றுகள் பெரும்பாலும் கோவையிலும் இருங்காட்டுக்கோட்டையிலும்தான் மாறி மாறி நடந்துவந்திருக்கின்றன. கீழக்குயில்குடியிலிருந்து கோவைக் களம் சுமார் 200 கி.மீ., இருங்காட்டுக்கோட்டை சுமார் 450 கி.மீ., நொய்டா 2,500 கி.மீ.யைத் தாண்டும். காரை லாரியில் ஏற்றி, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, டயரும் பெட்ரோலும் சுமந்து போகிற அமெச்சூருக்கு அந்த ஒவ்வொரு கி.மீ.யும் சொந்தப் பணம். வடநாட்டுப் பையன் தெற்கே வர எவ்வளவு யோசிப்பான் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரியும் ஒரு வளைவுதான்

புத் சர்க்யூட்டில் ஃபார்முலா ஒன் 2011, 2012, 2013 என்று மூன்றே வருடம். உத்தரப் பிரதேச அரசு அதை விளையாட்டாகக் கருதாமல் கேளிக்கையாகக் கணக்கிட்டு வரி கேட்டது பெரும் சிக்கலாயிற்று. வருமான வரி வழக்கோ உச்ச நீதிமன்றம் வரை போய், 2017இல் ஃபார்முலா ஒன் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. உலகத் தரத்தில் டிராக் கட்டினாலும், வருடா வருடம் போட்டி வந்து நிற்குமா என்பதை நில அமைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை.

அண்ணா சாலையில் ரேஸ்

சென்னையில் தீவுத்திடல், அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக 3.5 கி.மீ. தெருச் சுற்று அமைத்தார்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. பொதுப்பணம், போக்குவரத்து, இரைச்சல் என்று வழக்கு நீதிமன்றம் ஏறியது. கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் விளக்கொளியில் இரவுப் பந்தயமாக நடந்தது. டிராக்குக்கான எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் கைக்கு வந்ததே பந்தயத்தின் முதல் நாளன்றுதான்!

ஒரு தடவை வந்து போன ஃபார்முலா ஈ

ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் கரையோரம் 2.8 கி.மீ. தெருச் சுற்றில் 2023 பிப்ரவரி 11 அன்று ஃபார்முலா ஈ நடந்தது. அடுத்த வருடப் போட்டி ஆட்சி மாற்றத்தோடு ரத்தானது. தெருச் சுற்றுக்கு நிலம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அரசின் சம்மதம் புதிதாக வேண்டும். சின்னக் கிளப்புகளுக்கு இது கட்டுப்படியாகாத வேலை.

தெருவில் பிறந்து நிலைத்ததும் உண்டு

உள்ளூர்க் கார்ப் பிரியர்கள் 1954இல் தொடங்கிய மக்காவ் தெருப் பந்தயம் இன்று உலகப் புகழ். 6 கி.மீ.க்கு மேல் நீளும் அதே ஊர்த்தெருக்கள்தாம் களம். சிங்கப்பூரின் தாம்சன் சாலைப் பந்தயமோ 1961இல் தொடங்கி, ஆபத்தானது என்று 1973ஓடு நின்றுபோனது. அங்கே பெரிய பந்தயம் மறுபடி தெருவுக்கு வந்தது 2008இல், ஃபார்முலா ஒன் வடிவில்.

சுற்ற வேண்டாம், ஏறினால் போதும்

பெரிய நிலம் இல்லாதவர்கள் மலையைப் பார்த்தார்கள். இலங்கையின் நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கியது. தேயிலை நாட்டு மலைப்பாதையில் ஒவ்வொரு காராக ஏற, கடிகாரம் வெற்றியைச் சொல்லும். பக்கத்தில் வேறு கார் இல்லாததால் மோதல் பயம் குறைவு, செலவும் குறைவு.

மழையும் ஒரு நடுவர்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் போட்டித் தேதி வைப்பது சூதாட்டம். சித்திரை, வைகாசியில் வைத்தால் மதுரை வெயிலில் தார் கொதிக்கும், தீப்பிடிக்காத முழு உடுப்புக்குள் ஓட்டுநர் வெந்துபோவார். சோழவரத்துப் பந்தயங்கள் வருடத் தொடக்கத்தை ஒட்டி நடந்ததற்கு அர்த்தம் உண்டு.

புது அரங்கம் வந்தும் பழைய வாடிவாசல்

அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் பிரம்மாண்டமான ஜல்லிக்கட்டு அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. ஆனாலும் பொங்கலை ஒட்டிய அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு இன்றும் ஊருக்குள்ளே பழைய வாடிவாசலில்தான் நடக்கிறது. கட்டடம் எழுப்பலாம், ஊரின் ஒட்டுதலை எழுப்ப முடியாது. பந்தயக் களத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களின் சம்மதம்தான் முதல் அஸ்திவாரம்.

அப்படியானால் கீழக்குயில்குடி?

இந்த ஊரின் சமணர் மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற இடங்கள் ஆயிரம் வருடத்துக்கு மேலான சமணச் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் தாங்கி நிற்கின்றன. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் இவை. 2010 சட்டத் திருத்தத்தின்படி இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதையும் கட்டலாம். அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும். பக்கத்திலேயே பல்கலைக்கழகம். மலையில் மோதித் திரும்பும் இன்ஜின் சத்தத்தை யார் பொறுப்பார்கள்? இந்த மலையடி பந்தயத்துக்கு ஆகாது. ஆகவும் வேண்டாம்.

மதுரைக்காரருக்கு ஒரு வழி

டிராக் இல்லாத ஊரிலும் பந்தயம் பழகலாம். மண் திடலில் வளைவு நெளிவாகப் பாதை குறித்து, கடிகாரத்தோடு போட்டி போடும் ஆட்டோகிராஸ் அப்படிப்பட்டது. இதற்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தேசியப் போட்டி நடத்தியிருக்கிறது. சொந்த நிலமோ அனுமதி பெற்ற திடலோ, ஆம்புலன்ஸ், வேலி, கொடி பிடிக்கத் தெரிந்த நாலு பேர் இருந்தால் ஒரு கிளப் தொடங்கிவிடும்.

ஆக, அமெச்சூர் தேசியப் போட்டிக்கு நல்ல இடம் எது? பளபளக்கும் டிராக் உள்ள ஊர் அல்ல. அதிகம் பேர் குறைந்த செலவில் வந்து சேரக்கூடிய, தடம் மாறினாலும் உயிரோடு வீடு திரும்பக்கூடிய, சுற்றியுள்ள ஊர் முகம் சுளிக்காத இடம். தெற்கத்திக்காரர்களுக்கு இன்றைக்கு அது கோவை. பந்தய ஆசை உள்ள தம்பி, தங்கைகளே, முதலில் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் பந்தய லைசென்ஸை வாங்குங்கள், கோவைக்கு வண்டியேறுங்கள். தேனி சாலையில் மட்டும் உங்கள் வேகத்தைக் காட்டாதீர்கள்.